இந்த மீன் எங்கே பிறந்தது?

(செடெனாக்கில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், "வீட்டுக்குள் ஒரு கடல்" எனும் தலைப்பில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வீட்டிலே கடல்நீர்த் தொட்டி வைத்து, பவளப்பாறைகளில் வாழும் சின்னஞ்சிறு மீன்களை வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கடல் உயிரியல் படித்தவள் அல்ல. தொடர்பியல் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தவள். கேள்வி கேட்பதுதான் என் தொழில். ஆகவே இன்றைக்கும் ஒரு கேள்வியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன். மீன் கடைக்குப் போனால் நாம் முதலில் கேட்பது "என்ன விலை?" என்பதுதான். கடல் மீன் வாங்குகிறவர் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். "இந்த மீன் எங்கே பிறந்தது?"

மீன் வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளி விட்டு வரும் வழியில் கால்வாயில் சண்டை மீன் பிடித்து, ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டு, லயத்து வாசலில் வரிசையாக வைத்திருப்பார்கள். இரண்டு போத்தலை அருகருகே நகர்த்தி வைத்தால் போதும், அன்றைய மாலைக்கு வேறு பொழுதுபோக்கு வேண்டாம். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பிறகு கப்பியும் தங்க மீனும் வந்தன. கொஞ்சம் வசதி கூடியதும் சில வீட்டு வரவேற்பறைகளில் அரோவானாவே வந்து உட்கார்ந்துகொண்டது.

இவை எல்லாம் நன்னீர் மீன்கள். கடைக்கு வருகிற நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பகுதி பண்ணைகளில் குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்டவை. நம் ஜொகூர் மாநிலமே அலங்கார மீன் பண்ணைகளுக்குப் பேர் போனது. ஆகவே கப்பியைப் பார்த்து "நீ எங்கே பிறந்தாய்?" என்று கேட்க வேண்டிய அவசியம் நமக்கு வரவில்லை.

கடல் மீன் கதை வேறு. கடையில் நீலமும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மின்னுகிறதே, அவற்றில் பெரும்பாலானவை பண்ணையைக் கண்ணால் கண்டதில்லை. யாரோ ஒருவர் கடலில் மூழ்கி, பாறை இடுக்கிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தவை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்தின் கீழ் 2003-இல் ஓர் அறிக்கை வெளியானது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 20 முதல் 24 மில்லியன் கடல் அலங்கார மீன்கள் விற்பனையாவதாகவும், அவற்றில் 1,471 வகைகள் இருப்பதாகவும் அது கணக்குச் சொன்னது. கணக்கு பழையதுதான். ஆனாலும் வியாபாரத்தின் பருமனைப் புரிந்துகொள்ள அது போதும்.

அதே 2003-இல்தான் 'ஃபைண்டிங் நீமோ' படமும் வந்தது. அதன் பிறகு கோமாளி மீன் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியாது, நீமோ என்றால்தான் தெரியும். அந்தப் படத்தின் கதை என்ன? கடலில் அப்பாவோடு இருந்த குட்டி மீனை ஒருவர் பிடித்துக்கொண்டு போய்ப் பல் மருத்துவரின் கண்ணாடித் தொட்டியில் விடுகிறார். குட்டி வீட்டுக்குத் திரும்பத் துடிக்கிறது. அதைப் பார்த்துக் கண் கலங்கிய நம் பிள்ளை, திரையரங்கை விட்டு வெளியே வந்ததும் என்ன கேட்டது? "அம்மா, எனக்கொரு நீமோ வாங்கிக் கொடு!" பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அழகாக இருப்பதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது இயல்புதானே.

எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல முக்குளிப்பவர் சின்ன வலையை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பிடிப்பார். அது நேர்மையான உழைப்பு. அவசரக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1960களில் பிலிப்பீன்ஸில் தொடங்கி மற்ற இடங்களுக்கும் பரவிய வழி அது. சோடியம் சயனைடு நஞ்சைத் தண்ணீரில் கரைத்துப் பிளாஸ்டிக் போத்தலில் அடைத்துக்கொள்வார்கள். பாறை இடுக்கில் பீய்ச்சியதும் மீன் மயங்கி வெளியே வரும். அள்ளிக்கொள்வார்கள். அந்த நஞ்சு பட்ட பவளமும் சேர்ந்து சாகும். பவளம் என்பது கல் அல்ல, அதுவும் உயிருள்ள பிராணி.

மயங்கிய மீனில் ஒரு பகுதி அங்கேயே செத்துவிடும். பிழைத்தது கப்பல் ஏறி, விமானம் ஏறி, கடைக்கு வந்து நிற்கும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உள்ளுறுப்புகள் கெட்டிருந்தால் வெளியே தெரியாது. நம் வீட்டுக்கு வந்து சில நாட்களில், சில வாரங்களில், காரணம் புரியாமல் ஒரு காலையில் மிதக்கும்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. "வீட்டுக்கு வந்த கண் திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது" என்பார்கள். மீன் தொட்டி வாசலுக்கு எந்தப் பக்கம் இருந்தால் செல்வம் சேரும் என்று கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு. யாருடைய நம்பிக்கையையும் நான் புண்படுத்த வரவில்லை. ஆனால் செத்த மீனுக்குத் திருஷ்டி என்று பெயர் வைத்துவிட்டால், தண்ணீரைச் சோதித்துப் பார்க்க மாட்டோம், கடைக்காரரிடம் கேள்வி கேட்க மாட்டோம். அடுத்த வாரம் போய் இன்னொரு மீனை வாங்கி வருவோம். அதுவும் திருஷ்டியை வாங்கிக்கொள்ளும். ஒரு கோமாளி மீன் நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகள்கூட வாழக்கூடியது என்பதை இங்கே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்காய் மீன் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளி உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, நீண்ட துடுப்புகளில் வெள்ளைப் புள்ளிகள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இந்தோனேசியாவில் மத்திய சுலாவெசிக்கு அப்பால் இருக்கும் பங்காய் தீவுகள்தான் அதன் சொந்த ஊர். அறிவியல் உலகம் 1933-இல் அதற்குப் பெயர் சூட்டிவிட்டு ஏறக்குறைய மறந்தே போனது. 1990களின் நடுவில் அதன் அழகு வெளியே தெரிய வந்தது. வியாபாரிகள் புகுந்தார்கள். 2007-இல் அந்த மீன் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் அனைத்துலகச் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்த கதை இது.

ஏன் அவ்வளவு சீக்கிரம்? மற்ற மீன்களின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்ததும் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் போய் வேறு பாறைகளில் குடியேறும். பங்காய் மீனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. தாய் இடும் முட்டைகள் சில பத்துதான். அதைத் தகப்பன் தன் வாய்க்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது. ஏறக்குறைய ஒரு மாதம் இரை எடுக்காமல் விரதம் இருக்கும் அப்பா. வெளியே விட்ட குஞ்சு அங்கேயே, அதே முள்ளெலிகளின் முட்களுக்கு நடுவே, அப்பா அம்மா இருந்த இடத்திலேயே வளரும். ஒரு தீவின் ஓரத்தில் எல்லாவற்றையும் அள்ளிவிட்டால் பக்கத்துத் தீவிலிருந்து வந்து நிரப்ப ஆள் கிடையாது.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. கடலில் அதற்கு ஆபத்தாக இருக்கும் அந்தக் குணமே தொட்டியில் அதற்கு வரம். அப்பாவின் வாயிலிருந்து வெளியே வரும் குஞ்சு ஓரளவு வளர்ந்தே வருகிறது. உவர்நீர் இறால் குஞ்சுகளை, ஆர்ட்டீமியா என்பார்களே, அதைப் பொரித்துக் கொடுத்தால் முதல் நாளே சாப்பிடும். வீட்டிலேயே குஞ்சு எடுத்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வீட்டிலேயே வளர்க்க முடிகிற மீனைக் கடலில் போய் அள்ளி அழித்தது எவ்வளவு அநியாயம், நீங்களே சொல்லுங்கள்.

கோமாளி மீனும் அப்படித்தான், கொஞ்சம் கூடுதல் வேலை. முட்டையைப் பாறை மேல் ஒட்டி வைக்கும். தகப்பன் மீன் ஒரு வாரம் போல் அதன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். இருட்டிய பிறகு குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ரொட்டிஃபர் எனும் உயிரியைத்தான் முதலில் தின்னும். அதைத் தனியாக வளர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்றரை வாரம் தாண்டினால் வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பிக்கும், அதன் பிறகு பயமில்லை.

இதைச் செய்து காட்டியவர்களில் நம் மொழி பேசும் கடற்கரைக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து வெற்றி கண்டார்கள். மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் பார்த்து நிற்கிற ஊர் மண்டபம். கடலைச் சுரண்டினால் என்ன ஆகும் என்பதை அந்த வட்டாரம் கண்ணால் கண்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் அங்கே பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கின. இந்தியாவில் 2001-இல்தான் பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுப் பாதுகாப்புக் கிடைத்தது.

"அவ்வளவு தூரம் எதற்கு? நமக்குத்தான் மெர்சிங் இருக்கிறதே, விடுமுறைக்குப் போகும்போது தீவிலிருந்து இரண்டு பிடித்து வந்தால் என்ன?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். வேண்டாம் தம்பி. சிபு, தீங்கி, பெசார், ரவா, பெமாங்கில், அவுர் ஆகிய தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1994-லிருந்து கடல் பூங்காப் பகுதி. அங்கே அனுமதியில்லாமல் மீன் பிடிப்பதும் பவளம் எடுப்பதும் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்துப்போகும் காலம் இது. 2010-இல் நம் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களையே மூட வேண்டி வந்தது. 2024-இல் உலகளாவிய நான்காவது பெரும் வெளிறல் என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வீடு இடிந்துகொண்டிருக்கும் குடும்பத்திலிருந்து பிள்ளையைத் தூக்கி வரக் கூடாது.

சரி, பண்ணையில் பிறந்த மீன்தான் வாங்குவேன் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அப்போதும் அவசரம் கூடாது. அந்த மீனையும் கொல்ல நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. அதுதான் தண்ணீர்.

செடெனாக்கில் கடல் இல்லை. மேற்கே பொந்தியான் கரை சேறும் சதுப்புமாக இருக்கும். கிழக்கே மெர்சிங் போக இரண்டு மணி நேர ஓட்டம். வாளியில் அள்ளி வருகிற வேலை ஆகாது. கடல் மீன் தொட்டிக்கென்றே தயாரித்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சமையல் உப்பு வேறு, இது வேறு. கடலில் உள்ள கால்சியம், மக்னீசியம் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. தொட்டியிலும் அந்த அளவு வர வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லக் கூடாது, உப்பளவு பார்க்கும் கருவி வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், அதில் குளோரின் இருக்கும். வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர்தான் பாதுகாப்பு.

அடுத்து அம்மோனியா. ஜொகூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அம்மோனியா கூடிப்போய்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள், சிங்கப்பூருக்குத் தண்ணீர் எடுக்கும் நிலையமும் நின்றது. ஓர் ஆற்றுக்கே அந்தக் கதி என்றால், நான்கு கண்ணாடிச் சுவருக்குள் இருக்கும் மீனுக்கு எப்படி இருக்கும்? மீனின் கழிவிலிருந்தும், அது தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கடல்நீருக்குக் காரத்தன்மை அதிகம். அதனால் அதே அளவு அம்மோனியா நன்னீரைவிடக் கடல்நீரில் அதிகமாக நஞ்சாகும். தங்க மீன் வளர்த்த அனுபவத்தை வைத்துக் கடல் மீன் வளர்க்க வந்தவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

இதற்கு மருந்து நுண்ணுயிர்கள். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, வாரா வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் அடங்கிவிடும். இந்த பாக்டீரியாக்கள் கல்லின் துளைகளிலும் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் கூடாது. உப்புத் தண்ணீர், கல், மணல், ஓடுகிற மோட்டார், இவ்வளவுதான். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள், அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நின்றால் தொட்டி தயார்.

அந்த ஒரு மாதம்தான் பெரிய சோதனை. வீட்டுக்கு வருகிற மாமாவும் அத்தையும் சும்மா இருக்க மாட்டார்கள். "என்னம்மா, இவ்வளவு செலவு செய்து வெறும் தண்ணீரையா வளர்க்கிறாய்?" என்பார்கள். ஆமாம் மாமா, தண்ணீரைத்தான் வளர்க்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். உண்மையும் அதுதான்.

சில கடைகளில் ஒரு குறுக்கு வழி சொல்லிக்கொடுப்பார்கள். "விலை மலிவான நீலக் குட்டி மீன் இரண்டைப் போட்டு விடுங்கள், அது தாக்குப்பிடிக்கும், செத்தாலும் நஷ்டம் இல்லை, தொட்டி பழகிவிடும்." இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மலிவு மீனும் கடலிலிருந்துதான் வந்தது. தாக்குப்பிடித்துவிட்டாலும் தொந்தரவுதான். அந்த வகை மீன்கள் ரௌடிகள். தொட்டி தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு, பிறகு வருகிற மீனையெல்லாம் விரட்டும்.

கல் என்றதும் 'உயிர்ப்பாறை' என்று கடலிலிருந்து எடுத்த பாறையை விற்பார்கள். மன்னார் வளைகுடாக் கதையைக் கேட்ட பிறகு அதை வாங்க உங்களுக்கு மனம் வராது என்று நம்புகிறேன். செயற்கையாகச் செய்த துளையுள்ள கல் இருக்கிறது. பாக்டீரியாவுக்கு அது எந்தக் கடலில் பிறந்தது என்ற கவலை இல்லை, துளை இருந்தால் போதும்.

தொட்டி சிறியதாக இருந்தால் வேலை சுலபம் என்று நினைக்கிறோம். நேர்மாறாக இருக்கிறது. சின்னத் தொட்டியில் ஒரு சிறு தவறுகூடத் தண்ணீர் முழுவதையும் கெடுத்துவிடும். இடமும் பணமும் இருந்தால் மூன்றடித் தொட்டி, 150 லிட்டர் போல, ஆரம்பிப்பவருக்கு நல்லது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதைத் தாங்கும் மேசையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த மேசை தாங்காது.

நம் ஊர் வெயில் இன்னொரு வில்லன். பவளப்பாறை மீனுக்கு 25, 26 டிகிரி இதமாக இருக்கும். மத்தியானம் பூட்டிய வீட்டுக்குள் 31, 32 டிகிரி ஏறிவிடுகிறது. இங்கே வரும் வழியில் பார்த்தேன், செடெனாக்கில் எண்ணெய்ப்பனைக்குப் பக்கத்தில் தரவு மையங்கள் பெரிது பெரிதாக எழும்பியிருக்கின்றன. கணினிகளைக் குளிர வைக்க அங்கே எத்தனை இயந்திரங்கள்! நம் மீனுக்கும் குளிரூட்டும் கருவி விற்கிறார்கள், விலை கூடத்தான். முடியாதவர்கள் ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீர் மேற்பரப்பில் காற்றுப் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். ஆகவே குறைந்த அளவை உப்பில்லாத நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். பலர் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கடலைச் சாக்கடல் ஆக்கிவிடுகிறார்கள். பிறகு நம் மாலை நேர இடி மழை. இடி இடித்தால் வீட்டில் மின்சாரம் 'ட்ரிப்' ஆகும், ஆள் இல்லாத வீட்டில் மோட்டார் நின்றே கிடக்கும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று அவசியம் இருக்கட்டும்.

இனி மீன். என்னைக் கேட்டால், பண்ணையில் பிறந்த ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஒரு ஜோடி, அதுவே தொடக்கத்துக்குப் போதும். பிறகு பண்ணையில் பிறந்த பங்காய் ஒரு ஜோடி. நியான் கோபி எனும் விரல் நீளக் குட்டி மீனும் பண்ணைகளில் பிறக்கிறது, மற்ற மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். எதை வாங்கினாலும் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துக் கவனித்த பிறகு பெரிய தொட்டியில் விடுங்கள். வெள்ளைப்புள்ளி நோய் ஒரு மீனோடு வந்தால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். கடல் சாமந்தி இல்லாமல் கோமாளி மீன் வாழாது என்று சிலர் அதையும் சேர்த்து விற்பார்கள். தொட்டியில் அதைக் கொத்த வரும் எதிரி இல்லை, ஆகவே சாமந்தி இல்லாமலே அது சுகமாக இருக்கும். சாமந்திக்குத்தான் கடுமையான வெளிச்சமும் பழகிய தண்ணீரும் வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறித் தலைவியாகும். அவள் இறந்துவிட்டால் அடுத்த ஆண் பெண்ணாகிவிடும். அப்படிப் பார்த்தால் படத்தில் அம்மாவை இழந்த நீமோவுக்கு அப்பாவே அம்மாவாக மாறியிருக்க வேண்டும். படக்காரர்கள் அந்தச் சிக்கலுக்குள் போகவில்லை!

வாங்கக் கூடாதவையும் உண்டு. நீமோவின் தோழி டோரி, அந்த நீல மீன், ஓர் அடி வரை வளரும், நீந்த இடம் கேட்கும். 2016-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முதன்முறையாக அதைப் பொரித்து வளர்த்துக் காட்டினார்கள். ஆனாலும் மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் என்று வண்ணக் கோலம் போட்டது போல ஒரு மீன், பார்த்தால் விட மனம் வராது. அது பாறையில் ஊரும் நுண்ணிய உயிர்களையே தின்னும், புதுத் தொட்டியில் கண் முன்னே பட்டினி கிடந்து சாகும். அப்படி ஒரு மீனைப் புதிதாகத் தொட்டி வைத்தவருக்கு விற்கும் கடையை நான் பார்த்திருக்கிறேன். "என்ன சாப்பிடும்?" என்று கேட்டதற்கு, "எல்லாம் சாப்பிடும்" என்று பதில் வந்தது.

கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது என்றும் சொல்கிறேன். சண்டை போடத் தேவையில்லை. "அண்ணே, இது பண்ணை மீனா, கடலில் பிடித்ததா? எந்த ஊரிலிருந்து வந்தது? உங்கள் கடைக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது? என் கண் முன்னால் கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்கள்." இவ்வளவுதான். நல்ல கடைக்காரர் மகிழ்ச்சியோடு சொல்வார். தெரியாது என்பவரிடம் அன்றைக்கு வாங்காமல் வந்துவிடுங்கள். பண்ணை மீன் சில வெள்ளி கூடுதலாக இருக்கலாம். செத்துச் செத்து மூன்று முறை வாங்குவதைவிட அது மலிவு. நாலு பேர் கேட்க ஆரம்பித்தால் ஐந்தாவது ஆள் வரும்போது கடையில் பண்ணை மீன் இருக்கும். வியாபாரம் அப்படித்தான் மாறும்.

சற்று முன் ஓர் அம்மா எழுந்து, "கடலில் திரிகிற உயிரைக் கண்ணாடிக்குள் அடைப்பது பாவம் இல்லையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கடலில் பிறந்ததைப் பிடித்து வந்து ஒரு மாதத்தில் சாகடிப்பது பாவம் என்றுதான் நானும் சொல்வேன். தொட்டியில் பிறந்து, தொட்டியையே உலகமாக அறிந்த மீனை நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்துக்கொள்வதை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம். அவர்கள் தொட்டி வைக்காமல் மெர்சிங் தீவுக்குப் போய் முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு வரட்டும், அதுவும் நல்ல வழிதான்.

கடைசியாக ஒன்று. வேலை மாறிச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ குடிபோக நேர்ந்தால் மீனை என்ன செய்வது? புண்ணியம் என்று நினைத்துக் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். அமெரிக்காவில் 1985-இல் ஃபுளோரிடா கடலில் முதல் சிங்க மீனைக் கண்டார்கள். நம் பக்கத்துக் கடல்களில் வாழும் மீன் அது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாகவே கருதப்படுகிறது. இன்றைக்குக் கரீபியன் கடல் வரை பரவி அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. தொட்டியில் ஒட்டிக்கொண்ட நோயும் மீனோடு சேர்ந்து கடலுக்குப் போகும். வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் தொட்டியோடு கொடுத்துவிடுங்கள். ஆள் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. எட்டு வயதில் மகனுக்கு வாங்கிக் கொடுத்த கோமாளி மீன், அவன் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதும் அந்தத் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று தயாரிப்பாளர் கை காட்டுகிறார். உப்பளவு, சோதனைப் பெட்டி பற்றி விவரம் வேண்டியவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள், இரண்டையும் கையோடு கொண்டு வந்திருக்கிறேன், செய்தே காட்டுகிறேன்.